நடந்தது போதும், தூக்குங்கள்

நம் சிறுகதைகளைக் கவனித்துப் பாருங்கள். பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பார். ஜிம்முக்குப் போகிறவன் ஒன்று அடியாள், இல்லை கண்ணாடி முன்னால் செல்ஃபி எடுக்கிற மண்டு. ஓடினால் ஆரோக்கியம், எடை தூக்கினால் அலட்டல். இதே நினைப்பில்தான் வீட்டில் அம்மாக்களையும் “நடங்க, நடங்க” என்று விரட்டுகிறோம்.

1968இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் ‘ஏரோபிக்ஸ்’ எழுதினார். அதற்குப் பிறகு உடற்பயிற்சி என்றாலே இதயமும் நுரையீரலும்தான். அதில் தப்பில்லை, மெதுவோட்டம் நல்லதுதான். தசையை மறந்ததுதான் தப்பு. அப்புறம் இந்தப் பத்தாயிரம் அடி! 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. 2015இல் சிங்கப்பூரில் தேசிய அடிகள் சவால் வந்ததிலிருந்து கைப்பட்டையைப் பார்த்துப் பார்த்து புளோக்கைச் சுற்றுகிறார்கள்.

சுற்றட்டும். ஆனால் 1990இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றின் ஆய்வு வெளியானது. 86 முதல் 96 வயதுவரை பத்துப் பேர். எட்டு வாரம் எடைப் பயிற்சி. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. 96 வயசு சார்! வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இலேயே சொல்லிவிட்டது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். இனிப்புநீர் இவ்வளவு மலிந்த நம் சமூகத்தில் இதை யார் அம்மாக்களிடம் சொன்னோம்? எலும்பும் அப்படித்தான். நான் வேலையில் பார்க்கும் கான்கிரீட் தூண் எவ்வளவு சுமை ஏற்றினாலும் தடிக்காது. எலும்பு சுமை கேட்கும்.

“பொம்பளைங்க வெயிட் தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிடுவாங்க” என்பார்கள். ஆகமாட்டார்கள், அதற்கான ஹார்மோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. தோட்டத்தில் காண்டா கம்பில் இரண்டு பால் வாளி மாட்டி மேடேறிய பாட்டிகளை யாரும் அப்படிச் சொல்லித் தடுக்கவில்லையே. கூலிக்குத் தூக்கினால் சரி, தன் உடம்புக்காகத் தூக்கினால் அசிங்கமா?

முட்டி வலி, ரத்தக்கொதிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இன்று ராத்திரியே அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.