சுடப்படாத ஊர்க்காரர்கள்

செப்டம்பர் 5 என்றால் ஸ்ரீரங்கத்தில் ஆசிரியர் தினம். சித்திரை வீதிப் பிள்ளைகள் ரோஜாப்பூவோடு பள்ளிக்கூடம் போவார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பொன்மலைக்குப் போனால் அதே தேதி வேறு நாள். சங்கத் திடலில் செங்கொடி ஏறும். ஐந்து பேருக்கு வீரவணக்கம் சொல்வார்கள். நான் வேலை பார்த்தது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில், குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். அதனால் இரண்டு செப்டம்பர் ஐந்தும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பொன்மலையின் செப்டம்பர் ஐந்தைத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1946-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி டெல்லியில் நேரு தலைமையில் இடைக்கால அரசு பதவியேற்றது. சென்னையில் பிரகாசத்தின் காங்கிரஸ் மந்திரிசபை. டெல்லி பதவியேற்பு முடிந்து மூன்றாம் நாள், மலபார் ஸ்பெஷல் போலீஸ் சங்கத் திடலில் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இரண்டு ஊரிலும் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர்கள் நம்மவர்கள்.

ஆர்மரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு மூத்த பிட்டர்கள் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாரும் அழுதுகொண்டு சொல்ல மாட்டார்கள். போலீஸ் எந்தப் பக்கமாக வந்தது, யார் எங்கே ஓடினார்கள் என்று வழி சொல்கிற மாதிரிச் சொல்வார்கள். அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஆனந்தன் நம்பியார் 1962-லும் 1967-லும் திருச்சியின் எம்.பி. ஆனார். இன்னொரு தலைவரான எம். கல்யாணசுந்தரம் 1971-லும் 1977-லும். துப்பாக்கிச் சூட்டை நினைத்துத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டணிக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஆனாலும் பொன்மலைக் காலனி ஓட்டை மட்டும் வைத்து எம்.பி. ஆக முடியாது. குண்டு விழாத தெருக்களும் சேர்ந்துதான் அவர்களை அனுப்பின.

தலைவர்கள் என்ன சொன்னார்கள், யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்பதையே நாம் அளவுக்கு மீறிப் பேசுகிறோம் என்று எனக்குப் படுகிறது. தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தில் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி. நிவாரணம் பத்து லட்சம் என்று ஆரம்பித்து இருபது லட்சம் ஆனது. மே 28-ஆம் தேதி ஆலையை மூட அரசாணை வந்தது. 30-ஆம் தேதி ரஜினிகாந்த் ஆஸ்பத்திரிக்குப் போனார். காயம்பட்டுப் படுத்திருந்த ஒரு இளைஞர் “யார் நீங்க?” என்று கேட்டார். கூட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் சொல்லிவிட்டு நடிகர் திரும்பினார்.

அந்த “யார் நீங்க?” நாடெங்கும் பரவியது. எல்லாரும் சிரித்தோம். அது நல்ல கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு ஸ்ரீரங்கத்து டீக்கடைப் பேச்சு முழுக்க ரஜினி சொன்னது சரியா தப்பா என்பதாகவே இருந்தது. சுடச் சொன்னது யார் என்ற பேச்சு அதோடு அமுங்கிப்போனது.

அதற்குப் பதில் வர நாலு வருஷம் ஆயிற்று. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கலைந்து ஓடியவர்களைப் போலீஸ் சுட்டிருக்கிறது, 17 போலீஸ்காரர்கள் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பழனிசாமி சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. செத்தவர் குடும்பத்துக்கு ஐம்பது லட்சம் கொடுக்கச் சொன்னார். புதிய அரசு மேற்கொண்டு ஐந்து லட்சம் அறிவித்தது. சுடப்பட்டபோது எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கொதித்தவர்களின் அரசு அது.

அறிக்கை வந்த வாரம் எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திருச்சியில் ஒரு கூட்டமாவது நடந்திருக்கலாம். தூத்துக்குடிக்காரர்கள்தான் அலைந்தார்கள்: மனு, கோர்ட், வருஷா வருஷம் மே 22 அன்று அஞ்சலி, அதற்கும் போலீஸ் கட்டுப்பாடு.

பரமக்குடியைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குத் தனிக் கடமை உண்டு. 2011 செப்டம்பர் 11, சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். ஆறு பேர் போலீஸ் குண்டில் செத்தார்கள். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதி எம்.எல்.ஏ.; நாங்கள் அனுப்பி வைத்தவர். சட்டமன்றத்தில் போலீஸ் தரப்பு நியாயத்தைச் சொல்லி, குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்று அறிவித்தார். அதை விசாரித்த சம்பத் ஆணையமும் பிற்பாடு சுட்டது சரிதான் என்றது. அந்த வருஷங்களில் இங்கே பேச்செல்லாம் வேறு. நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பள்ளி வந்தது, பெரிய கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள்தான், நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் முதலமைச்சரின் சொந்தத் தொகுதியிலிருந்து பரமக்குடியைப் பற்றி ஒரு கேள்வி போயிருந்தால் அதற்கு இருந்திருக்கும் கனம், பரமக்குடியிலிருந்து போன நூறு மனுவுக்கும் இல்லை. அங்கிருந்து கேட்டால் அது “அவர்கள் சாதிப் பிரச்சனை” ஆகிவிடுகிறது. 1999-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடியால் 17 பேர் தாமிரபரணி ஆற்றில் செத்தபோதும் இதே கதைதான்.

நியூசிலாந்தைப் பார் என்பார்கள் படித்தவர்கள். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு குடும்பங்களைப் பார்க்கப் போனார், கொலைகாரன் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்றார், ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தை மாற்றினார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே சுட்டவன் அரசாங்க ஆள் இல்லை. நம் ஊரில் துப்பாக்கி அரசாங்கத்தின் கையில் இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிற மந்திரியின் சர்க்கார்தான் குண்டுக்கும் கணக்கு எழுதியிருக்கிறது. அவர் வாயில் நல்ல வார்த்தை வரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. அங்கே பிரதமர் செய்த வேலையை இங்கே பக்கத்து ஊர்தான் செய்தாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பதினாலாம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தபோது இங்கே நடந்த சாவுகளையும், கோபுரத்திலிருந்து படைத்தலைவனைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்ததாகச் சொல்லப்படும் வெள்ளையம்மாளையும் இந்த ஊர் இன்னும் கதையாகச் சொல்கிறது. கிழக்கு வாசல் கோபுரத்துக்கு வெள்ளை அடித்திருப்பது அவளுக்காகத்தான் என்பார்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்திய பகையை இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிற ஊருக்கு, ஆற்றுக்கு அக்கரையில் 1946-இல் நடந்தது தெரியவில்லை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் யோசனை பெரிதாக ஒன்றும் இல்லை. தொகுதி எம்.எல்.ஏ. குறை கேட்க உட்கார்ந்தால் நாம் எழுதிக்கொண்டு போவது சாக்கடை, தெருவிளக்கு, பட்டா. அந்த மனுவின் அடியில் இதையும் எழுதலாம்: தூத்துக்குடி ஆணையம் சொன்ன 17 போலீஸ்காரர்களில் ஒவ்வொருவர் மேலும் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், அவர்களில் யாருக்காவது பதவி உயர்வு கொடுத்தீர்களா, ஐம்பது லட்சம் ஏன் குறைந்தது. கேட்பவர் வீட்டில் யாரும் சாகவில்லை, இழப்பீடு கேட்டு வரவில்லை, கூட்டத்தில் புகுந்த சமூக விரோதியும் இல்லை. சங்கத் திடல் நிகழ்ச்சிக்கு வருகிற பழைய நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் மனுவை நீயே போடு என்றார்கள். எழுதி வைத்திருக்கிறேன். தெருவில் கையெழுத்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். “தூத்துக்குடிக்கு நம்ம எம்.எல்.ஏ. என்ன சார் பண்ணுவார்?” என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அந்த அறிக்கையை வைத்த அவையில்தான் அவரும் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து கேட்கலாம் என்றேன். பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.