‘சொந்த ஊர்’ என்ற கட்டம் எதற்கு?

திருப்பூரில் டெய்லர் வேலைக்கு யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. கம்பெனி கேட்டில் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்கும். உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து நாலு பீஸ் தைத்துக் காட்டினால் அன்றைக்கே வேலை. எப்போதும் ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில், தைக்கத் தெரிந்தவரைச் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பினால் ஆர்டர் நின்றுவிடும். "எங்க கம்பெனில அதெல்லாம் பாக்கறதில்லைங்க" என்று முதலாளிகள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. இந்த வட்டாரக் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் இதையே எழுதியிருக்கிறார்கள்: விசைத்தறிக் கூடத்தில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் தலித் தொழிலாளிக்கு, பனியன் கம்பெனி ஊரைவிட்டு வெளியேறும் ஒரு வழி.

என் கேள்வி அந்த மெஷின் ஹாலுக்கு அடுத்த அறையைப் பற்றியது. மெர்ச்சண்டைசர், கணக்கர், க்யூ.சி., ஹெச்.ஆர். வேலைகளுக்குத் தைத்துக் காட்ட எதுவுமில்லை. அங்கே ஆள் எடுப்பது செயலி வழியாக, வாட்ஸ்அப் குழு வழியாக, இணையப் படிவம் வழியாக. பயோடேட்டாதான் பேசுகிறது. என் ஆய்வுக்காக நான் சந்தித்த பட்டதாரிகளில் பலர் ஒரே அனுபவத்தைச் சொன்னார்கள். படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்றொரு கட்டம் இருக்கும். நிரப்பினால் போன் வரும். "அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க? யாரு தோட்டத்துக்குப் பக்கம்?" பதில் சொன்னதும் "சரிங்க, கூப்பிடறோம்". அவ்வளவுதான்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். ஒரே தகுதி, வெவ்வேறு குடும்பப் பெயர்கள் என்று தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆய்வை அப்படியே செய்ய முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்திலிருந்து நாம் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். சாதி பெயரிலிருந்து இறங்கி முகவரியில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்று படித்த பள்ளியின் பெயரை எழுதினாலே போதும். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் வேலை தேடும் படிவத்தில் அந்த முகவரியைக் கேட்பவரை யார் தடுப்பது?

ஒருவர் வேலைக்குத் தகுதியா என்பதை அறிய அவருடைய தெருவோ, அப்பா பெயரோ, புகைப்படமோ தேவையில்லை. நேர்காணலுக்கு அழைக்கும்வரை இவை முதலாளியின் கண்ணில் படக்கூடாது. இதை மென்பொருளில் செய்வது மிக எளிது.

தொழிலாளியிடம் இத்தனை கேட்கும் இந்தத் தளங்கள் முதலாளியிடம் என்ன கேட்கின்றன? "கைநிறையச் சம்பளம், தங்குமிடம் இலவசம்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்கின்றன. ஷிப்ட் சம்பளமா பீஸ் ரேட்டா, எட்டு மணி நேரமா ஒன்றரை ஷிப்டா, பி.எஃப். கம்பெனி பெயரிலா கான்ட்ராக்டர் பெயரிலா, எதுவும் தெரியாது. நம் மக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சுமங்கலித் திட்டமும் முதலில் ஒரு வேலை விளம்பரமாகத்தான் வந்தது. மூன்று ஆண்டு மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றது நோட்டீஸ். ஹாஸ்டலுக்குள் பூட்டி வைப்பார்கள், இடையில் வந்தால் பணம் கிடைக்காது என்பதை அதில் அச்சடிக்கவில்லை. பெரும்பாலும் தலித், ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அதை நம்பிப் போனார்கள்.

தங்குமிடமும் அப்படித்தான். பரோடாவில் அரசு வேலையோடு போய் இறங்கிய அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். வேலையையே விட்டுவிட்டுப் பம்பாய் திரும்பினார். திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டு "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைச் சந்தித்தவர்களுக்கு இது பழைய கதையல்ல.

2019இல் ரயில்வே உணவு ஒப்பந்த நிறுவனம் ஒன்று குறிப்பிட்ட சாதி ஆண்கள் மட்டும் தேவை என்று வெளிப்படையாகவே விளம்பரம் கொடுத்தது. கண்டனம் எழுந்ததும் பின்வாங்கியது. அப்படி எழுதிக் கொடுப்பவர் அபூர்வம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலையைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மறுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் "கூப்பிடறோம்" என்ற சொல்லை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

ஆகவே இன்னொன்றும் வேண்டும். முதலாளியிடமிருந்து சாதியை மறைத்த அதே தளம், விண்ணப்பிப்பவர் விரும்பினால் அதைத் தனியாகப் பதிவு செய்து எண்ண வேண்டும். எத்தனை தலித்துகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எந்தப் பதவிக்கு என்ற கணக்கு, ஆள் பெயரில்லாமல், நிறுவனவாரியாக வெளிவர வேண்டும். மறைக்கவும் வேண்டும், எண்ணவும் வேண்டும் என்பது முரண்போலத் தோன்றலாம். தேர்ந்தெடுப்பவர் கண்ணுக்கு மறைக்கச் சொல்கிறோம். பாகுபாட்டைக் கண்காணிக்க வேண்டியவர் கையில் எண்ணிக்கையைக் கொடுக்கச் சொல்கிறோம். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும்போதெல்லாம் "பாகுபாடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்கிறார்களே, காட்டுவதற்கான கணக்கு இதுதான்.

தனியார் செயலிகள் தாமாக இதைச் செய்யப்போவதில்லை. ஆனால் தனியார் வேலைவாய்ப்புக்கென்று 2020இல் தமிழ்நாடு அரசே ஓர் இணையதளம் தொடங்கியது. சொந்தத் தளத்தின் படிவத்தை மாற்றப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். திருப்பூர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்: பீஸ் ரேட்டையும், யார் பெயரில் பி.எஃப். என்பதையும் நிரப்பாத கம்பெனியின் விளம்பரத்தை அந்தத் தளம் ஏற்கக் கூடாது.