ஆண்டவர் அழைக்கவில்லை, ஆக்கள்தான் கொன்றார்கள்

மட்டக்களப்பில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால், மரண அறிவித்தலில் அநேகமாக இரண்டில் ஒரு வசனம் இருக்கும். 'ஆண்டவர் அழைத்துக்கொண்டார்', இல்லாட்டி 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. தொண்ணூறு வயதில் கட்டிலில் கண்மூடிய அம்மம்மாவுக்கு இதைவிட நல்ல வசனம் கிடையாது. ஆனால் சுடப்பட்டுச் செத்தவருக்கும், குண்டில் சிதறிய பிள்ளைக்கும் அதையே எழுதினால் அது பொய். இலக்கணத்திலேயே பொய். எழுவாய் மாறிப்போகுது. கொன்றவன் நின்ற இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். கொலைகாரனுக்கு இதைவிடத் திறமான சட்டத்தரணி வேண்டுமா?

நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இந்த வாவிக்கரையில் மட்டும் நடந்தவற்றைப் பாருங்கள்.

1988 ஜூன் 6. புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். காணாமல் போனவர்களுக்காகவும் பிடிபட்டவர்களுக்காகவும் பேசிய பிரஜைகள் குழுவின் தலைவர் அவர். 2005 டிசம்பர் 25. அதே பேராலயம், நத்தார் நள்ளிரவுத் திருப்பலி. பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சனங்களுக்கு நடுவில் வைத்துச் சுடப்பட்டார். மனைவியும் காயப்பட்டார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட, மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் சந்தேகநபர்களை விடுவித்தது. கோயில் நிறையச் சனம் இருக்க நடந்த கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம் குண்டு வெடித்தது. அன்று நாடு முழுக்க கொல்லப்பட்ட 269 பேரில், சீயோனில் பலியான சிறுவர்கள் மட்டும் 14 பேர். பிறகு வந்த அஞ்சலிகளில் என்ன எழுதினோம்? 'தேவன் தம் தோட்டத்துக்குப் பறித்துக்கொண்ட மலர்கள்' என்ற பாணியில் எத்தனை! பூப் பறிக்கக் குண்டு கட்டி ஆள் அனுப்புகிற கடவுளையா நாம் கும்பிடுகிறோம்?

உடம்பே கிடைக்காதவர்களின் கதை இன்னும் கொடுமை. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். அடுத்த மாதம் 5ஆம் திகதி, நான் இன்று படிக்கும் இதே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமிருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. நவம்பர் 2, மரித்தோர் நினைவு நாளில், எல்லாரும் சேமக்காலைக்கு மெழுகுதிரியோடு போவார்கள். இவர்களுடைய வீட்டு ஆக்கள் எந்தக் கல்லறையில் கொளுத்துவது? 'நித்திரையடைந்தார்' என்று எழுதவும் ஒரு திகதி வேணுமே.

"பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வசனம்தான் ஆறுதல், அதையும் பறிக்கிறியா?" என்று கேட்பீர்கள். இல்லை. தாய் சொல்லட்டும். அவளுக்கு எதைச் சொல்லவும் உரிமை உண்டு. செத்த வீட்டுக்கு வந்து, பத்து நிமிசம் கதிரையில் இருந்து, அந்த வசனத்தை அவள் வாயில் ஊட்டிவிட்டுப் போகிறவர்களோடுதான் என் சண்டை. மன்னிப்பும் அப்படித்தான். மன்னிக்கிறதும் விடுகிறதும் இழந்தவரின் பாடு. பக்கத்து வீட்டுக்காரரோ பிரசங்கியாரோ அமைச்சரோ அவர் சார்பில் மன்னிக்க ஏலாது.

நம் விசுவாசமே இதற்கு மாறாகத்தான் சொல்லித் தருது. விசுவாசப் பிரமாணத்தை நினைத்துப் பாருங்கள். இயேசு 'இறைபதம் அடைந்தார்' என்று அதில் இல்லை. எப்படிச் செத்தார் என்று இருக்கு. எந்த ஆளுநரின் ஆட்சியில் என்று பெயரோடு இருக்கு. பிலாத்து கை கழுவி இரண்டாயிரம் வருசமாகப் போகுது, ஞாயிறு தவறாமல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். உயிர்த்தெழுந்த உடம்பிலும் காயம் ஆறவில்லை. தொட்டுப் பார் என்று தோமையாரிடம் சொன்னார். பழைய ஏற்பாட்டில் ரிஸ்பாள் என்ற தாய், கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாமல் பாறையில் இரட்டு விரித்துக் காவலிருந்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது ராசா இறங்கி வந்து அடக்கம் செய்வித்தான். அவளிடம் போய் 'ஆண்டவர் சித்தம், வீட்டுக்குப் போ' என்று யாராவது சொல்லியிருந்தால்?

உயிர்த்த ஞாயிறு விசயத்திலும் சித்தம் என்று இருந்துவிடாமல் உறவினரும் குருமாரும் வழக்கு வைத்தார்கள். அதனால்தான் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகு அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார், அதுவும் பிறர் செய்த குற்றத்துக்காக. சீயோன் கத்தோலிக்கத் தேவாலயமே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

இன்னொன்று. கொன்றவனைச் சொல்லு என்றால், அவன் ஊரையும் மதத்தையும் திட்டு என்று அர்த்தமில்லை. 2019க்குப் பிறகு காத்தான்குடி முழுவதையும் ஒரு குண்டுதாரியாகப் பார்த்த தமிழ் ஆக்கள் நம்மில் எத்தனை பேர்? அதே காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 அன்று, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களையும் 'இறைவன் அழைத்துக்கொண்டான்' என்று கடந்துபோகத் துணிந்தால், சீயோன் பிள்ளைகளுக்காக நீதி கேட்க நமக்கு வாய் வராது.

ஆகவே கேட்பது சின்ன விசயம்தான். வாற நவம்பர் 2 திருப்பலியிலோ, உயிர்த்த ஞாயிறு ஆராதனையிலோ மன்றாட்டு எழுதும் வேலை உங்களிடம் வந்தால், 'இறந்த' என்று எழுதாமல் 'கொல்லப்பட்ட' என்று எழுதுங்கள். 'மறைந்த' என்று எழுதாமல் 'கொண்டுபோகப்பட்ட' என்று எழுதுங்கள். அதைச் சத்தமாக வாசியுங்கள். முன்வரிசையில் யார் முகம் சுழிக்குது என்றும் பார்த்துவையுங்கள்.