பாலம் யார் கையில்?

விலைகொடுத்து வாங்கிய ஏரை, விற்றவன் வயலில்தான் பூட்டவேண்டும் என்றால் உழவன் ஒப்புவானா? ஒப்பான். கணிப்பொறித் துறையிலோ அக்கொடுமையை உலகமே ஒப்பிக் கிடக்கின்றது. விண்டோசு இயங்குதளத்துக்கென எழுதப்பெற்ற மென்பொருள் இலினக்சில் தானாக ஓடாது. ஒரு கோப்பைத் திறக்கவும், திரையில் ஒரு சாளரம் வரையவும் மென்பொருள் தன் இயங்குதளத்தைப் பெயர்சொல்லி அழைத்துப் பணி கேட்கின்றது. அழைக்கும் பெயரும் முறையும் தளந்தோறும் வேறு. அவ்வேறுபாடே வணிகனுக்கு வேலியாயிற்று, வாங்கியவனுக்கு விலங்காயிற்று.

அவ்வேலியைக் கடக்கக் கட்டப்பெற்ற பாலமே வைன். 1993-இல் பாபு ஆம்சுடாட்டு, எரிக்கு யங்குடேல் ஆகியோர் தொடங்கிய அம்முயற்சிக்கு அடுத்த ஆண்டு அலெக்சாந்தர் சூலியார்டு தலைமையேற்றார். விண்டோசு மென்பொருள் விடுக்கும் அழைப்பை வைன் ஏற்று, இலினக்சு அறிந்த அழைப்பாக மாற்றித் தருகின்றது. விண்டோசின் மூலநிரலோ பூட்டிக் கிடந்தது. ஆகவே, வெளியில் நின்றே ஆய்ந்தாய்ந்து ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய விடையைக் கண்டனர். 1.0 பதிப்பு வந்தது 2008-இல்தான். 15 ஆண்டு உழைப்பு!

ஆப்பிள் குழுமமும் பாலம் கட்டித் தரவில்லையா என வணிகர்க்கு வால்பிடிப்போர் வினவுவர். தந்தது, மெய்தான். 2006-இல் அது பவர்பீசி சில்லை விட்டு இண்டெல் சில்லுக்கு மாறியபொழுது, பழைய மென்பொருளின் கட்டளைகளைப் புதுச் சில்லுக்குப் பெயர்த்துத்தரும் உரோசெட்டாவை வழங்கியது. 2011-இல் வெளியிட்ட இலயன் பதிப்பிலோ அதை நீக்கிவிட்டது. அப்பதிப்புக்கு மாறியவர்கள் காசுகொடுத்து வாங்கிய பவர்பீசி மென்பொருள்களெல்லாம் அன்றே பிணமாயின. கொடுத்த கையே பறித்தது! வைனை அவ்வாறு எவரும் பறிக்கவியலாது. அதன் நிரல் திறந்து கிடக்கின்றது. கட்டியவர் ஓய்ந்தாலும் பிறர் தொடரலாம்.

இதில் தமிழனுக்கு என்ன என்பாரும் உளர். 1990-களில் தமிழ் எழுத்துரு விற்றோர் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியீடு வகுத்தனர். ஒருவர் எழுத்துருவில் கோத்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் உரோமன் எழுத்துக் குப்பையாய்த் தோன்றிற்று. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல்தான். அதற்குள் அச்சுக்கோத்த நூல்கள் பல பழைய விண்டோசு மென்பொருளின் சிறைக்குள் அடைபட்டுவிட்டன. அன்னையின் சொல்லைப் படிக்க அயலான் பொறியின் வாயிலில் காத்துக்கிடப்பதா?

அந்நூல்களை மீட்க வைன் போன்ற பாலம் வேண்டும். ஆயினும், பாலத்தின் மேலேயே குடியிருப்பார் இல்லை. மீட்ட நூல்களை உடனே ஒருங்குறிக்கு மாற்றுக! தமிழுக்கென எழுதும் மென்பொருளைத் திறந்த தளத்தில், திறந்த நிரலில் எழுதுக! அச்சகத்தாரும் பதிப்பகத்தாரும் பள்ளிகளை நடத்துவோரும் எம்மென்பொருளையும் வாங்குமுன், அதன் திறவுகோல் எவர் கையில் உள்ளது எனக் கேட்க! மொழிகாக்கக் கிளர்ந்தெழுந்த இனம், அம்மொழியை எழுதும் பொறியைப் பிறன் பிடியில் விட்டுவைத்தல் பெரும்பழியாகும்.