லட்டு யார் கொடுப்பது?

வண்டியூருக்குப் போயிருந்தோம், தோழர்களே! சித்திரையில் அழகர் வந்து தங்கிப் போகும் அதே வண்டியூர்தான். நாம் போனது அழகரைக் காண அல்ல. கழகத் தோழர் ஒருவரைக் காண. பகலெல்லாம் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் சலிக்காத தோழர். பகுதியில் நடக்கவிருக்கும் கூட்டத்துக்குப் பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்று முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்தோம், பேசினோம், முடிவாயிற்று. தலைப்பு: பெண்ணுரிமை!

வாசலில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தோழரின் மகன், மகள், பக்கத்து வீட்டுப் பையன். தொலைக்காட்சியில் கார்ட்டூன் முடிந்த கையோடு தெருவுக்கு வந்தவர்கள். மகன் துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, "நான்தான் சோட்டா பீம்!" என்று தோளைத் தட்டினான். தங்கை முன்னால் வந்தாள். "தினமும் நீயே பீமா? இன்னிக்கு நான் பீம்!" என்றாள்.

அண்ணன் சிரித்தான். "நீ சுட்கிதான். நீ பீமாயிட்டா, லட்டு யாரு கொடுக்கிறது?"

அந்தப் பெண்ணுக்குப் பதில் கிடைக்கவில்லை. கீழே குனிந்து, கொஞ்சம் ஈரமண்ணை எடுத்து உருண்டை பிடித்தாள். அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் தின்பதுபோல் பாவனை செய்தான், பலம் வந்துவிட்டது, வில்லனை அடிக்கக் கிளம்பிவிட்டான்!

நாம் சிரித்தோம். தோழரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே காப்பி வந்தது. கொண்டுவந்தவர் தோழரின் துணைவியார். அவர் வீட்டில் ஓய்ந்திருந்தவரா? இல்லை. ஜவுளிக்கடையில் காலை முதல் நின்று கால் கடுத்து, சற்றுமுன்தான் திரும்பியவர். டம்ளரை நீட்டினார், வாங்கிக் குடித்தோம். அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. வாசலில் மண் லட்டு. வீட்டுக்குள் காப்பி டம்ளர். வாங்கிக்கொண்டவன் பீம், கொடுத்தவள் சுட்கி! பெண்ணுரிமை என்று தலைப்பு வைத்த நாம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்?

"அட, குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம்! அதற்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர் உண்டு. வேறு எவர் கேட்டாலும் கேட்கட்டும், நாம் கேட்கலாமா? 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி' என்று திரையைத் தேடிப் போனவர்கள் யார்? வெள்ளைத் துணியில் ஓடும் நிழல், பார்ப்பவன் மனத்தில் நிஜமாக உட்கார்ந்துவிடும் என்று கண்டுகொண்டவர்கள் அல்லவா நாம்! தாடியும் மீசையும் முளைத்த மனிதனையே மூன்று மணி நேரப் படம் மாற்றும் என்றால், மூன்று வயதில் தொடங்கி நாள்தோறும் பார்க்கும் படம் குழந்தையை மாற்றாதா?

'சோட்டா பீம்' 2008-இல் தொடங்கிய தொடர், ஐதராபாத்தில் உருவானது. நம் பிள்ளைகள் அதைத் தமிழிலும் பார்த்து வளர்ந்தார்கள். சுட்கி கெட்டிக்காரி, சாகசத்துக்கும் உடன் போகிறவள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஊரைக் காக்கும் வலிமை பீமின் தோளில்; அந்தத் தோளுக்குத் தெம்பூட்டும் லட்டு சுட்கியின் கையில். வண்டியூர்ச் சிறுவனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. படம் காட்டியது, அவன் படித்துக்கொண்டான்.

இது நம் நாட்டில் மட்டும் பிடித்த நோயா? கடல் கடந்து பாருங்கள். வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளப் பொம்மைப் படம் 1937-இல் வந்தது: 'ஸ்னோ ஒயிட்'. காட்டுக்குள் துரத்தப்பட்ட இளவரசி ஒரு வீட்டைக் காண்கிறாள். யார் வீடு என்று தெரியாது. தெரியுமுன்னே கையில் எடுப்பது என்ன? துடைப்பம்! கூட்டுகிறாள், கழுவுகிறாள், அடுப்பில் உலை ஏற்றுகிறாள். வீட்டுக்குரிய ஏழு குள்ளர்கள் வந்ததும், தங்க இடம் தந்தால் வீட்டு வேலை எல்லாம் செய்வதாகப் பேரம் பேசுகிறாள். கடைசியில் நஞ்சுண்டு கிடப்பவளை எழுப்ப ஓர் இளவரசன் வரவேண்டியிருக்கிறது!

அது பழங்காலம், பிறகு திருந்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியல் அறிஞர்கள், டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். 1937-இன் படத்தில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி பேசினார்கள். 1989-இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் 100-க்கு 68 பங்குப் பேச்சு ஆண்களுடையது. 1992-இன் 'அலாவுதீன்' படத்தில் 100-க்கு 90! பாட்டி காலத்துப் படத்தில் வாய் திறந்தவள், பேத்தி காலத்துப் படத்தில் வாயடைத்துப் போனாள். அந்த 1989 படத்தின் கதை என்ன தெரியுமா? இளவரசனை அடையக் கால்கள் வேண்டும் என்று, ஒரு கடற்கன்னி தன் குரலையே விலையாகக் கொடுத்துவிடுகிறாள்!

அதே 1989-இல் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்று சட்டம் வந்தது. 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமாகப் பிறந்த கோரிக்கை, 60 ஆண்டு நடந்து சட்டமாக வந்து சேர்ந்தது. அங்கே திரையில் பெண் குரலைக் கொடுத்தாள். இங்கே சட்டத்தில் பெண் பங்கைப் பெற்றாள். பெருமைப்படுகிறோம். ஆனால் சட்டத்தில் சம பங்கு பெற்றவள், வண்டியூர் வாசலில் ஒருநாள் பீம் வேடம் பெற முடியவில்லையே, தோழர்களே!

ஏன் இப்படி? தூரிகை எவர் கையில் இருந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். 1938-இல் டிஸ்னி நிறுவனத்தில் படம் வரையும் பயிற்சி கேட்டு எழுதிய பெண்ணுக்கு ஒரு பதில் போயிற்று. படைப்பு வேலை இளைஞர்களுக்கே உரியது. பெண்களுக்கு உள்ள வேலை, வரைந்த கோட்டின் மேல் மை இழுப்பதும் வண்ணம் பூசுவதுமே என்பது அதன் சாரம். கோடு அவன் போடுவான். வண்ணம் அவள் பூசவேண்டும். இதுவும் பீம், சுட்கி கணக்குத்தான்!

பெண்ணுக்குத் திறமை இல்லையா? 1926-இல், 'ஸ்னோ ஒயிட்' வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண் கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி, அசைத்து, ஒரு முழுநீளப் படம் எடுத்தார். நம் ஊர்ப்பக்கத்துத் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழல் அழகு உடனே புரியும். உலகில் இன்று அழியாமல் கிடைக்கும் முழுநீளப் பொம்மைப் படங்களில் மிகப் பழையது அதுதான். அதைச் செய்த கை ஒரு பெண்ணின் கை!

வெளிநாட்டுக்காரனை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. மதுரையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் புராணத்தை வரலாறு என்று நம்புகிறவர்கள் அல்லர். ஆனால் கதை என்ன கற்பிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள். தடாதகை முடிசூடினாள், படை நடத்தினாள், திசையெல்லாம் வென்றாள் என்கிறது திருவிளையாடற் புராணம். மணாளனைக் கண்டாள். கண்ட மாத்திரத்தில் வீரம் விடைபெற்றதாம், நாணம் வந்து தலை கவிழ்ந்ததாம்! இளவரசிப் படத்தின் கடைசிக் காட்சி கடல் கடந்து வந்த சரக்கா, அல்லது இங்கேயே விளைந்த பயிரா, சொல்லுங்கள்!

"பெண் நாயகியானால் பையன்கள் பார்க்க மாட்டார்கள்" என்பது வியாபாரிகளின் வாதம். தமிழ் பேசிய டோராவை மறந்துவிட்டார்களா? முதுகில் பையும், கையில் வரைபடமும், கூட ஒரு குரங்குமாக அந்தச் சிறுமி வழிகேட்டபோது, பெண் பிள்ளைகள் மட்டுமா பதில் சொன்னார்கள்? டவுசர் போட்ட பையன்களும்தான் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று வழிகாட்டினார்கள்! 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தில் தங்கையைக் காப்பாற்ற அக்கா, அக்காளைக் காப்பாற்றத் தங்கை. உலகெங்கும் 120 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதை இயக்கிய இருவரில் ஒருவர் பெண். கல்லாப்பெட்டியே சாட்சி சொன்ன பிறகு வியாபாரி என்ன சொல்வான்?

இதில் நட்டம் பெண்ணுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். பீம் அழக்கூடாது, பீம் பயப்படக்கூடாது, பீம் தோற்கக்கூடாது. பட்டறையில் வேலை போய்விட்டால், அதை வீட்டில் சொல்லவும் கூசி, ஊமையாக உட்கார்ந்து குமைகிறானே உழைப்பாளி, அவன் யார்? சின்ன வயதில் துண்டை வரிந்து கட்டிய அதே பீம்தான்! தன் சோற்றைத் தானே பொங்கத் தெரியாமல், துணைவி ஊருக்குப் போனால் ஓட்டல் வாசலில் நிற்பவனும் அவன்தான்.

அப்படியானால் படத்தைத் தடை செய்யச் சொல்கிறோமா? இல்லை. தொலைக்காட்சியை உடைக்கச் சொல்கிறோமா? அதுவும் இல்லை. பிள்ளையோடு பக்கத்தில் உட்காருங்கள். "லட்டு ஏன் அவளே கொண்டுவருகிறாள்? அவனுக்குப் பிடிக்கத் தெரியாதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கப் பழக்குவதுதானே நம் பள்ளிக்கூடம்! படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: பேரனுக்காக மதுரையை ஆண்ட மங்கம்மாள் இருக்கிறார், இழந்த சிவகங்கையை 1780-இல் மீட்ட வேலுநாச்சியார் இருக்கிறார். கதைக்கா பஞ்சம்? வரையுங்கள். வரையும் தூரிகையைப் பெண்ணிடமும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளை பார்க்கும் முதல் படம் எது? தொலைக்காட்சியில் ஓடுவதா? இல்லை. நம் வீட்டில் ஓடுவது! காலை முதல் இரவுவரை இடைவேளை இல்லாமல் ஓடுகிறது. அதில் அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார் என்று இரண்டு சிறு கண்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் படத்தின் கதையை மாற்ற எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். நாம் எழுந்து அடுப்படிக்குப் போனால் போதும்.

இதைத் தோழரிடமும் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் இருந்த மகள் அதைப் பார்த்தாள், மகனும் பார்த்தான். ஒருநாள் டம்ளர் கழுவியதால் உரிமை வந்துவிடாது என்பது நமக்கும் தெரியும். கூட்டத்துக்கு மீண்டும் வண்டியூர் போகத்தான் போகிறோம். மேடையில் யார் பேசுகிறார் என்று பார்க்குமுன், வீட்டில் காப்பி யார் போடுகிறார் என்று பார்க்கத்தான் போகிறோம்!