டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது?

குளியலறைக்கு நாமே டைல்ஸ் ஒட்டலாமா? வானொலியில் வீட்டு வேலைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "ஆள் வைத்தால் கூலி கட்டுபடியாகாது. யூடியூப்பைப் பார்த்துச் செய்தால் ஒரு சனி, ஞாயிறு போதும்" என்பார்கள் இளம் தம்பதிகள். கூலியைப் பற்றிச் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த "ஒரு சனி, ஞாயிறு" கணக்குதான் இடிக்கிறது.

டைல்ஸ் ஒட்டுவது பொறுமைசாலிகளுக்குக் கைவராத வேலை இல்லை. ஆனால் ஷவருக்குக் கீழே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது டைல்ஸ் அல்ல. நல்ல போர்சலின் டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது, சரி. இடைவெளியில் நிரப்பும் சிமெண்ட் கிரவுட் குடிக்கும். அங்கே இறங்கும் ஈரத்தை மறிப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சு. வேலை முடிந்ததும் கண்ணில் படாத பூச்சு என்பதால், அவசரக்காரர்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

எனவே வரிசை முக்கியம். முதலில் வாட்டம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். இதைச் சிமெண்ட் தளத்திலேயே அமைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு டைல்ஸ் பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து நீர்க்காப்பு. இரண்டு கோட் பூச வேண்டும். முதல் கோட் காய்ந்த பிறகு, அதற்குக் குறுக்காக இரண்டாவது. சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் வடிகாலைச் சுற்றியும் வலைத்துணி பதித்துப் பூசுங்கள். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றுங்கள். ஷவர் தண்ணீர் அடிக்கும் சுவர்களில் 1.8 மீட்டர் உயரம் வரை போவது நல்லது. நன்கு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினாலோ கீழே ஈரம் தெரிந்தாலோ பூச்சைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை. ஒரு சனி, ஞாயிறு ஏன் போதாது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒட்டும்போது, டைல்ஸின் பின்னால் நான்கு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்து அழுத்தும் பழக்கம் வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் விழும், தண்ணீர் அங்கே போய் உட்காரும். விரலால் தட்டினாலே காலிப் பானைச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் கோடாக இழுத்து, டைல்ஸை அழுத்திப் பதியுங்கள். முதலில் ஒட்டியதை உடனே பெயர்த்துப் பாருங்கள். ஈரமான இடத்தில் பின்புறம் 95 விழுக்காடாவது பசை பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் கழித்துக் கிரவுட் போடலாம். சுவர் மூலைகளில் மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிகோன் போடுங்கள். இரண்டு பரப்புகள் சேரும் இடம் சிறிது அசையும், கிரவுட் வெடித்துவிடும்.

டைல்ஸ் வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குப் பகை. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், வழுக்கல் தரத்தைக் கேட்டு, ஆர்10 அல்லது அதற்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். ஷவர் தரைக்குச் சின்ன டைல்ஸ் நல்லது. வாட்டத்துக்கு ஏற்பப் படியும். கிரவுட் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிப்புக் கிடைக்கும்.

இனி முக்கியமான கேள்வி: உங்கள் குளியலறைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? தரைவீட்டின் கீழ்த்தளம் என்றால் தாராளமாக முயன்று பாருங்கள். அடுக்குமாடியில் கதை வேறு. மலேசியாவில் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை குறை மேல்வீட்டில்தான் என்று கருதப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பரிசோதிக்க வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்த வெள்ளி, அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விடக் கூடாது. அண்டை வீட்டாரின் முகம் கோணினால் அதற்கு விலையும் போட முடியாது.

அதனால் அடுக்குமாடிக்காரர்களுக்கு என் யோசனை: நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். நீர்க்காப்பு வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். பூச்சைக் கீறிவிடாமல் டைல்ஸை மட்டும் நீங்கள் ஒட்டுங்கள்.

முழு வேலையையும் ஆளிடம் விட்டாலும் இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது வீண்போகாது. டைல்ஸ் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பு, "தண்ணீர் கட்டிப் பார்த்தாயிற்றா, அண்ணே?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால், பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள்.