தோற்கும் நாளில் தெரியும் வர்ணனையாளரின் தரம்

2023 ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் தொலைக்காட்சி வர்ணனையாளர் கெவின் பிரவுன், டாம்பா பே அணியுடனான ஆட்டத்துக்கு முன்பு ஒரு புள்ளிவிவரத்தைச் சொன்னார். டாம்பா பே மைதானத்தில் ஓரியோல்ஸ் முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் தோற்றே வந்தது, இந்த ஆண்டு நிலைமை மாறியிருக்கிறது என்பதே அவர் பேச்சின் சாரம். தகவல் சரியானது; திரையிலும் அதுவே காட்டப்பட்டது. அதற்குப் பிறகு தொலைக்காட்சி வர்ணனையில் அவர் குரல் கேட்கவில்லை. அணி நிர்வாகம் அவரை விலக்கி வைத்திருக்கிறது என்ற செய்தி ஆகஸ்டில் வெளிவந்ததும், கேரி கோஹென், மைக்கேல் கே போன்ற மற்ற அணிகளின் வர்ணனையாளர்கள் நேரலையிலேயே கண்டித்தார்கள். சில நாள்களில் பிரவுன் பணிக்குத் திரும்பினார்.

உள்ளூர் வர்ணனையாளரின் தரத்தை எப்படி எடைபோடுவது என்று கேட்பவர்கள் இந்த நிகழ்விலிருந்து தொடங்குவதே சரி.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த வட்டாரத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அந்த அணிக்கென்றே உள்ள வர்ணனையாளர்களின் குரலில்தான் மக்களைச் சேர்கின்றன. இவர்களுக்குச் சம்பளம் தருவது அணியாக இருக்கலாம், ஒளிபரப்பு நிறுவனமாக இருக்கலாம். எப்படியானாலும் அணியின் சம்மதமில்லாமல் அந்த நாற்காலியில் நீடிக்க முடியாது. பிரவுன் பேசிய தொலைக்காட்சியின் பெரும்பங்கு ஓரியோல்ஸ் அணிக்கே சொந்தமாக இருந்தது.

ஓட்டுப்பெட்டி போதாது

வர்ணனையாளர்களை ரசிகர்களின் வாக்குகளால் வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றால் பயன் உண்டு. ஆனால் மூன்று குறைகளும் உண்டு. முதலாவது, ரசிகர் தன் அணியின் வர்ணனையை ஆண்டுக்கு நூறு முறைக்கு மேல் கேட்கிறார். மற்ற அணிகளுடையதை எப்போதாவது கேட்கிறார். பழகிய குரல் நல்ல குரலாகத் தோன்றுவது இயல்பு. இரண்டாவது, வெற்றி பெறும் அணியின் வர்ணனை தானாகவே இனிக்கிறது. மூன்றாவது, இந்தப் பட்டியல்களின் கண் பெரும்பாலும் ஆங்கிலத் தொலைக்காட்சி மீதே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை 1959 முதல் 2022 வரை ஸ்பானிய மொழியில் வர்ணித்த ஹைமே ஹாரின் போன்றவர்கள் இத்தகைய அளவுகோல்களுக்குள் அடங்குவதே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்பானிய மொழிக் குடும்பங்களுக்குப் பல தலைமுறைகளாக பேஸ்பாலைக் கொண்டு சேர்த்தவர் அவர்.

சார்பு குற்றமா?

உள்ளூர் வர்ணனையாளர் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார் என்பது. சிகாகோ ஒயிட் சாக்ஸின் கென் ஹாரெல்சன் தன் அணியை ‘நல்லவர்கள்’ என்றே குறிப்பிடுவார். அவருக்கும் 2020-ல், பேஸ்பால் ஒலி-ஒளிபரப்புத் துறையின் உயரிய கௌரவமான ஃபோர்டு ஃபிரிக் விருது கிடைத்தது. சிகாகோ கப்ஸின் வெற்றிக்காக ஏங்கியதை ஹாரி கேரே மறைத்ததே இல்லை. அதே வாயால் தன் அணி ஆட்டக்காரர்களின் சொதப்பல்களையும் திட்டினார்.

சார்பு குற்றமில்லை. ஊர் அணியின் குரல் ஊரோடு சேர்ந்து மகிழட்டும், வருந்தட்டும். குற்றம் எது என்றால், நடந்ததை மறைப்பது. தன் அணி வீரர் கேட்சை நழுவவிட்டால் ‘கடினமான பந்து’ என்று பூசி மெழுகுவதும், நடுவரின் சரியான தீர்ப்பை அநியாயம் என்று புலம்புவதும் ரசிகரை அவமதிப்பதாகும். நியூயார்க் மெட்ஸின் கேரி கோஹென், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் கூட்டணி 2006-லிருந்து பெற்றுவரும் மதிப்புக்குக் காரணம் இதுவே. ஹெர்னாண்டஸும் டார்லிங்கும் 1986-ல் வாகை சூடிய மெட்ஸ் அணியில் ஆடியவர்கள். ஆனாலும் மெட்ஸ் மோசமாக ஆடினால், மோசம் என்றே சொல்கிறார்கள்.

மூன்று அளவுகோல்கள்

முதலாவது, அடிப்படைத் தகவல். வானொலி வர்ணனையின் முன்னோடி ரெட் பார்பர் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, மணல் தீரும்தோறும் ஸ்கோரைச் சொல்வார். நடுவில் வந்து சேரும் நேயருக்கு நிலவரம் தெரிய வேண்டும் என்ற அக்கறை அது. படம் கண்முன்னே ஓடும் இன்றும், எத்தனையாவது இன்னிங்ஸ், எத்தனை பேர் அவுட், எந்த பேஸில் யார் என்பதைக் கதைபேசும் உற்சாகத்தில் மறந்துவிடுபவர் நல்ல வர்ணனையாளர் அல்ல.

இரண்டாவது, எப்போது பேசாமல் இருப்பது என்ற தெளிவு. 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் டாட்ஜர்ஸின் குரலாக இருந்தவர் வின் ஸ்கல்லி. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனையை முறியடித்தார். அந்தப் பந்தை எறிந்தவர் டாட்ஜர்ஸின் பிட்சர். ஸ்கல்லி தன் அணியின் இழப்புக்காக முனகவில்லை. நீண்ட நேரம் மைதானத்தின் ஆரவாரத்தை மட்டும் கேட்கவிட்டார். பிறகு, அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பின மனிதருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளை எடுத்துச் சொன்னார். ஓர் உள்ளூர் வர்ணனையாளர் எட்டக்கூடிய உச்சம் அது.

மூன்றாவது, உண்மைக்கு விலை கொடுக்கும் துணிவு. ரெட் பார்பர் பின்னாளில் நியூயார்க் யாங்கிஸ் அணியின் வர்ணனையாளராக இருந்தார். 1966 செப்டம்பரில் யாங்கி மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 413 பேர் மட்டுமே. காலி இருக்கைகளை கேமராவில் காட்டச் சொன்னார் பார்பர், தொலைக்காட்சியினர் மறுத்தார்கள். இந்த ஆட்டத்தின் உண்மையான செய்தியே அந்தச் சிறு கூட்டம்தான் என்று அவர் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். யாங்கிஸ் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல் ஃபிரிக் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற இருவரில் அவரும் ஒருவர்.

ரசிகர் கையில் இருக்கும் பலம்

இந்தத் துணிவுக்கு இனி நெருக்கடி கூடும். பல அணிகளின் வட்டார ஒளிபரப்பை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023-ல் திவாலானது. சான் டியேகோ அணியில் தொடங்கி, பல அணிகளின் ஒளிபரப்பை லீக்கே நேரடியாகத் தயாரிக்கிறது. விளையாட்டை நடத்துபவரும் அதைப் பற்றிச் சொல்பவருக்குச் சம்பளம் தருபவரும் ஒருவரே ஆகும்போது, கேட்பவரின் விழிப்புணர்வு மட்டுமே காவல்.

அந்தக் காவலுக்கு வலிமை உண்டு. டெட்ராய்ட் டைகர்ஸின் எர்னி ஹார்வெல் 1991 சீசனோடு வெளியேற்றப்பட்டபோது ஊரே கொதித்தது, அணி கைமாறியது, 1993-ல் அவர் ஒலிவாங்கிக்குத் திரும்பினார்.

ஆகவே வர்ணனையாளருக்கு மதிப்பெண் போட நினைப்பவர்கள், புகழ்பெற்ற ஹோம் ரன் ஒலிப்பதிவுகளை ஒதுக்கிவையுங்கள். உங்கள் அணி எட்டு ரன்கள் பின்தங்கி, அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பையும் இழந்துவிட்ட செப்டம்பர் மாத ஆட்டம் ஒன்றைக் கேளுங்கள். அன்றும் அவர் தயாரிப்போடு வந்திருக்கிறாரா, எதிரணியின் இளம் வீரரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறாரா, உங்கள் அணி ஏன் தோற்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் சொல்பவருக்கே உங்கள் வாக்கைத் தாருங்கள். அதற்காக அவர் தண்டிக்கப்பட்டால், அவருக்காகக் குரல் கொடுங்கள்.